வட்டுக்கோட்டைச் செமினரியை விட்டு நீங்கியோர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்றிசையில், நெல்வயலும் பனங்கூடலும் சூழ்ந்து கிடப்பது வட்டுக்கோட்டை. அரசிருக்கையாகவோ பெருந்துறைமுகமாகவோ அஃது எக்காலத்தும் இருந்ததில்லை. போர்த்துக்கேயர் கட்ட ஒல்லாந்தர் புதுக்கிய தேவாலயம் ஒன்று மட்டும் அங்கே பெருங்கட்டடமெனச் சொல்லத்தக்கதாய் இருந்தது. 1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வந்து பார்த்தபோது அதுவும் பாழடைந்து கிடந்தது. அத்தகைய ஊரிலே 1823-ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கல்விச்சாலை ஒன்று தொடங்கிற்று. 1855-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டு என்பது கல்விச்சாலை ஒன்றுக்கு நீண்ட ஆயுளன்று. அங்கே கற்று வெளியேறிய இளைஞர் பின்னே எதனை விட்டுச் சென்றனர், முன்னே எதனை நோக்கினர், அவர்தம் நோக்கு அக்கல்விச்சாலையை நடத்தியோர்க்கு ஏன் கசந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும். அவர்கள் சென்ற வழிகளுள் ஒன்று சைவர் நடத்திய இந்துக் கல்லூரியொன்றின் வாயிலிலே வந்து முடிந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோருள் டானியேல் பூவர் தெல்லிப்பழையிலும், பென்சமின் மெக்ஸ் வட்டுக்கோட்டையிலும் முதலில் அமர்ந்தனர். ஆங்கில அரசு இவ்வமெரிக்கரை ஐயக்கண் கொண்டே நோக்கிற்று. 1820-ஆம் ஆண்டில் அச்சுவேலைக்கென வந்த கரற் என்பவர் இலங்கையிற் தங்குதற்கும் அனுமதி பெற்றிலர். கொண்டுவந்த அச்சியந்திரம் அவர்கள் கையில் நில்லாது போயிற்று. மானிப்பாயில் அவர்களது அச்சுக்கூடம் நடைபெறத் தொடங்கியது 1834-ஆம் ஆண்டிலேதான். இத்தடைகளுக்கிடையே 1823-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விளம்பரப் பத்திரமோ, தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்குமான ஒரு கல்லூரியை அவாவிற்று. பிற்காலத்தில் அஃது உலகறியப் பெற்ற பெயர் கல்லூரி என்பதன்று, செமினரி என்பதே. ஊரவர் சாத்திரசாலை என்றனர். ஊரவரிட்ட பெயரே பொருந்திய பெயரெனலாம்.

அதன் நோக்கம் இரண்டாய் இருந்தது. இரண்டும் ஒன்றெனவே தொடக்கத்தில் எண்ணப்பட்டன. சுவிசேஷத்தைத் தமிழரிடையே பரப்பத்தக்க தமிழ்ப் போதகரையும் ஆசிரியரையும் உருவாக்குதல் ஒன்று. மேனாட்டுச் சாத்திரங்களையும் தமிழ் இலக்கிய இலக்கணங்களையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த அறிஞர் குழாம் ஒன்றை ஆக்குதல் மற்றையது. கல்வி பெருகப் பெருகக் கிறித்தவமும் பெருகும் என்பது பூவர் முதலானோரின் நம்பிக்கை. இயற்கையின் உண்மையை அறிந்தவன் தன் மூதாதையர் சமயத்தைத் தானே கைவிடுவான் என்று அவர்கள் கருதினர். அக்கருத்து எத்துணைப் பிழைபட்டது என்பதைச் செமினரியின் பிற்கால வரலாறு காட்டும்.

மாணாக்கர் எளிதில் வந்து சேர்ந்தாரல்லர். ஆரம்ப காலத்தில் மிஷன் வளவினுள்ளே சமைத்த உணவை உண்ண அவர்கள் மறுத்தனர். ஆதலின் அயலிலே சைவர் ஒருவரின் காணியிற் சைவச் சமையற்காரனைக் கொண்டு சமைப்பித்து ஊட்டவேண்டியதாயிற்று. வளவினுள்ளே வேதபாடமும், வேலிக்கு அப்பால் சைவச் சோறுமாக அக்கல்வி தொடங்கிற்று. பெயர்களோ வேறு வகை. ஒவ்வொரு மாணாக்கனையும் பேணுதற்குப் பொருளுதவிய அமெரிக்க உபகாரியின் பெயர், அல்லது அவ்வுபகாரி விரும்பியோர் ஒருவரின் பெயர், அம்மாணாக்கனுக்கு இடப்பெற்றது. என்றி மாட்டின், சேத் பேசன், வில்லியம் நெவின்ஸ், ஆர்னல்ட், வைமன், கறோல் என்னும் பெயர்கள் வலிகாமத்துக் குடும்பங்களில் இவ்வாறே நுழைந்தன. சிலர் அவற்றை வாழ்நாள் முழுவதும் தாங்கினர். சிலர் பழைய பெயரோடு சேர்த்து வழங்கினர். வேறு சிலர் காலப்போக்கிற் களைந்தனர்.

பாடத்திட்டம் இன்று படிப்போரை வியக்கச் செய்வது. கேத்திரகணிதம், பீசகணிதம், திரிகோணகணிதம், இயற்கை மெய்யியல், வானசாத்திரம், தருக்கம், வரலாறு, புவியியல் என்பன ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு நன்னூலும் திருக்குறளும் நிகண்டும் பாடமாயின. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியும் ஏட்டைப் பார்த்து உருப்போட்டும் வந்த சிறுவன், இங்கே தொலைநோக்கியின் வழியே வியாழனின் உபகிரகங்களைக் காணும் நிலையை அடைந்தான். தமிழை வெறும் மொழிபெயர்ப்புக் கருவியாக மட்டும் அவ்வாசிரியர் கொள்ளவில்லை. பண்டிதர்களை வைத்து அதனை முறையாகக் கற்பித்தனர். இவ்வொன்றைச் செய்யாதிருந்தனராயின், செமினரி கச்சேரி எழுதுவினைஞரை ஆக்கும் பள்ளியாய் மட்டுமே முடிந்திருக்கும்.

1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றிய செய்தி யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது. அயலூர்ப் பஞ்சாங்க கணிதர் கூறிய நேரமும் அளவும், செமினரியிற் கணித்த நேரமும் அளவும் வேறுபட்டன. கிரகணத்தன்று பலரும் கூடிக் காத்திருந்தனர். செமினரியின் கணக்கே நிகழ்ச்சியோடு ஒத்தது. மிஷனரிமார் இதனைத் தம் சமயத்தின் வெற்றியாகவே எழுதினர். ஆயின் அது கணிதத்தின் வெற்றியேயன்றிச் சமயத்தின் வெற்றியன்று. பஞ்சாங்கக் கணிதத்திற் பிழை கண்ட மாணாக்கன் சிவனைக் கைவிட வேண்டும் என்பதற்கு நியாயம் ஒன்றுமில்லை. பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொண்டு கோயிலுக்கும் போகலாம் என்பதை மாணாக்கர் பலர் தம் ஆசிரியரினும் விரைவில் உணர்ந்தனர் போலும்.

ஆசிரியர் தாமும் ஒரே நிலையில் நின்றாரல்லர். பூவருக்குப் பின் 1836-ஆம் ஆண்டில் அதிபராக வந்த ஒய்சிங்ரன் தமிழரின் சோதிடக் கணிதத்தைப் பழித்தொதுக்காது கற்றார். அது பற்றிய நூலொன்றை 1848-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனினும் பெரியது அவர் சைவசித்தாந்தத்திற் செய்த வேலை. சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் மூன்றையும் ஆங்கிலமாக்கி அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டிலே 1854-ஆம் ஆண்டளவில் அச்சேற்றினார். சைவத்தை வெல்லுதற்கென அதனைக் கற்கப் புகுந்த ஒருவர், மேனாட்டார்க்கு அதனை அறிவித்த முன்னோடியரில் ஒருவராயினார். சைவத்தை மறுக்கும் நோக்கம் அவருக்கு இறுதிவரை இருந்ததாயினும், கற்றதை மறையாது எழுதிய நேர்மையை மறத்தல் ஆகாது.

செமினரியின் மண்டபம் அக்காலத்துப் பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லியின் பெயரால் ஒட்லி மண்டபம் எனப்பட்டது. பரீட்சைகள் பகிரங்கமாக நடைபெறும். துரைமாரும் ஊர்ப் பெரியோரும் வந்திருந்து வினாவுவர். இலங்கைக் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் ரெனன்ற், 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கைக் கிறித்தவம் பற்றிய நூலில், இக்கல்விச்சாலை ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்னும் கருத்துப்பட எழுதினார். அச்சொல்லில் உபசாரமும் ஓரளவு கலந்திருக்கலாம். எனினும் அமெரிக்க மிஷனுக்குக் கடமைப்படாத ஓர் அதிகாரி கூறியது அது.

இனி, இம்மண்டபத்திற் கடைசிப் பரீட்சையை முடித்து வெளிவந்த இளைஞனின் நிலையை நோக்குவோம். அவனுக்குப் பின்னே வயலும் தோட்டமும், தந்தை பேணிய குலவொழுக்கமும், கோயிற் திருவிழாவும் இருந்தன. எட்டாண்டு வரை விடுதியில் வாழ்ந்தமையால் அவற்றோடு அவனுக்கிருந்த உறவு தளர்ந்திருந்தது, அறுந்துவிடவில்லை. முன்னே இரண்டு வழிகள் கிடந்தன. மிஷனின் உபதேசியாராகவோ பள்ளி ஆசிரியராகவோ குறைந்த சம்பளத்தில் ஊரிலேயே இருத்தல் ஒரு வழி. அரசாங்க உத்தியோகம் மற்றொரு வழி. 1833-ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின் ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையின் கீழ்ப்படிகள் திறக்கலாயின. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்ப்பாளரும் எழுதுவினைஞரும் வேண்டப்பட்டனர். 1840-களில் மலைநாட்டிற் கோப்பித்தோட்டங்கள் பரவியபோது கணக்கெழுதுவோர்க்கும் தேவை ஏற்பட்டது. கடலுக்கு அப்பாற் சென்னையும் இருந்தது. யாழ்ப்பாணத்து நிலமோ சிறிது. தலைமுறைதோறும் கூறுபட்டுச் சிறுத்து வந்தது. நாலு பிள்ளைகளைப் பெற்ற தந்தை ஒரு பிள்ளையைச் செமினரிக்கு அனுப்பியது ஞானஸ்நானம் பெறுவித்தற்கன்று. நிலத்தாற் கொடுக்க முடியாத சீவனத்தை ஆங்கிலம் கொடுக்கும் என்பதே அவன் கணக்கு.

இங்கேதான் நிறுவினோர் நோக்கமும் கற்றோர் நோக்கமும் பிரிந்தன. மாணாக்கர் மிஷனரிமாரை ஏமாற்றினர் என்று கூறுதல் பொருந்தாது. கற்பித்ததை அவர்கள் ஒழுங்காகக் கற்றனர். பலர் உண்மையாகவே கிறித்தவராயினர். அவருட் சிலர் இறுதிவரை மிஷன் பணியிலே நின்றனர். ஆயின் கல்வி என்பது கொடுத்தவன் கருதிய பயனை மட்டும் கொடுத்து அமைவதன்று.

1854, 1855-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சபையின் செயலாளராகிய றூபஸ் அன்டர்சன், தொம்சன் என்பவருடன் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள மிஷன்களைப் பார்வையிட வந்தார். ஒரு நாட்டுத் திருச்சபை அந்நாட்டாராலேயே நடத்தப்பட்டு, அவர்தம் பொருளாலேயே தாங்கப்பட்டு, அவராலேயே பரப்பப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு வேண்டியது தாய்மொழிக் கல்வியே. ஆங்கிலக் கல்வி மாணாக்கனைத் தன் இனத்தாரிடமிருந்து பிரித்து உத்தியோகம் தேட வைக்கிறது. அதற்கு மிஷன் பணத்தைச் செலவிடுதல் தகாது. இதுவே அவரது முடிவு. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரோடு கூடி ஆராய்ந்தபின் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிற் பெண்கள் விடுதிப் பள்ளியிலும் ஆங்கிலப் பாடம் நிறுத்தப்பட்டது. செமினரியைத் தொடங்கிய பூவர் அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில் மானிப்பாயிலே வாந்திபேதியால் இறந்திருந்தார். தாம் கட்டியது கலைக்கப்படுவதை அவர் காணவில்லை.

அன்டர்சனின் முடிவைப் பிற்காலத்தோர் பலர் குறுகிய மனத்தின் செயலென்று கண்டித்தனர். கண்டிப்பு நியாயமானதே, ஆயினும் அவர் எழுப்பிய வினா இலேசானதன்று. ஆங்கிலங் கற்றவன் ஊரைவிட்டு நீங்குகிறான் என்பது கண்கூடு. கல்வியென்றால் உத்தியோகம், உத்தியோகமென்றால் அரசாங்கம் என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்தில் அன்றே வேரூன்றிவிட்டது. அதனாற் பிற்காலத்து விளைந்த துன்பங்களும் பல. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் இதே குறையைக் கண்டார். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர் ஊரில் நில்லார் என்பது அவர் அநுபவத்திற் கண்டது. ஆயின் கிறீன் பள்ளியை மூடவில்லை. தமிழிலே கற்பிக்க நூல் இல்லாத குறையைக் கண்டு நூல்களை ஆக்குவித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய பெருநூல்கள் அவ்வாறு எழுந்தன. அன்டர்சன் தாய்மொழியின் பெயரால் உயர்கல்வியை ஒழித்தார். கிறீன் உயர்கல்வியைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்தார். இருவரும் ஒரே மிஷனைச் சேர்ந்தவர், ஒரே நோயைக் கண்டவர், மருந்துதான் வேறு. கிறீனுக்கு மொழிபெயர்ப்பிலே துணைநின்றோர் முன்னைய ஆங்கிலக் கல்வியால் உருவானோர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். இருமொழியிலும் வல்ல அத்தகையோர் இல்லாதிருப்பின் கிறீனின் முயற்சி முளையிலேயே கருகியிருக்கும்.

செமினரியின் இறுதிக் காலத்து மாணாக்கருள் முதலில் நோக்கத்தக்கவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டிற் பிறந்து, 1844 முதல் 1852 வரை செமினரியிற் கற்றவர். கிறித்தவக் குடும்பத்திலே தோன்றிக் கிறித்தவக் கல்விச்சாலையிற் பயின்று, பின்னர்ச் சைவத்தைத் தழுவியவர். கோப்பாயிற் சிறிது காலம் ஆசிரியராயிருந்தார். செமினரியை விட்டு இரண்டோராண்டுக்குள் நீதிநெறிவிளக்கத்தை அச்சிற் பதிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையில் வேலை பார்த்தார். 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் செமினரியில் அவருக்கு மூத்தவரான கறோல் விசுவநாதபிள்ளை. சென்னை மாகாணம் முழுவதற்கும் பொதுவான பல்கலைக்கழகத்தின் முதலிரு பட்டங்களும், பயனற்றதென்று மூடப்பட்ட ஒரு கிராமத்துக் கல்விச்சாலையின் மாணாக்கர் இருவர்க்குக் கிடைத்தன. செமினரி மூடப்பட்டு மூன்றாண்டும் நிறையாத காலத்து நிகழ்ச்சி இது.

தாமோதரம்பிள்ளை பின்னர் ஏறிய படிகள் யாவும் அன்டர்சன் வெறுத்த உத்தியோகப் படிகளே. அரசாங்க வரவுசெலவுக் கணக்குச் சாலையில் நெடுங்காலம் வேலை. 1871-ஆம் ஆண்டிற் சட்டப்பட்டம். 1882-ஆம் ஆண்டில் ஓய்வு. பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. 1895-ஆம் ஆண்டில் இராவ்பகதூர்ப் பட்டம். ஆயின் கணக்குச் சாலையிலிருந்து வீடு திரும்பிய பின்னரே அவரது உண்மையான வேலை தொடங்கிற்று. வீரசோழியம் 1881-ஆம் ஆண்டிலும், இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883-ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-ஆம் ஆண்டிலும், கலித்தொகை 1887-ஆம் ஆண்டிலும், இலக்கணவிளக்கமும் சூளாமணியும் 1889-ஆம் ஆண்டிலும் அவர் பதிப்பாய் வெளிவந்தன. ஊரூராய் ஏடு தேடி, தொட்டால் ஒடியும் ஓலைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளை ஆராய்ந்து செய்த வேலை அது. தமிழ்ப் புலமை நாவலர் முதலிய பெரியோரின் தொடர்பாலும் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒன்றை ஏற்குமுன் மற்றொன்றோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம், கிரகணத்தைக் கணித்துப் பின் வானத்தை நோக்கிச் சரிபார்த்த கல்விச்சாலையின் பழக்கமும் ஆகும் எனக் கருதுதல் தவறாகாது.

கறோல் விசுவநாதபிள்ளையின் வாழ்க்கை வேறொரு வகையிற் பொருள் பொதிந்தது. 1820-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் கணிதத்தில் வல்லவர். செமினரி மூடப்பட்ட அதே 1855-ஆம் ஆண்டில் அவரது பீசகணிதம் தமிழில் வெளிவந்தது. கற்பிக்கும் மண்டபம் கதவடைத்த ஆண்டிலே கற்பித்த பொருள் தமிழ் நூலாய் வெளிப்போந்தது. சைவத்தை எதிர்த்து நாவலரோடு வாதிட்ட அவர், பின்னர்த் தாமும் சைவஞ் சார்ந்தார். இத்தகைய மனமாற்றங்களை மிஷனரிமார் நன்றியின்மை என்று கொண்டனர். சைவர் வெற்றி என்று கொண்டாடினர். இரண்டு கூற்றிலும் மிகையுண்டு. நெடுங்காலம் இரு சமயத்து நூல்களையும் ஆராய்ந்து, எழுதி, வாதிட்டு ஒருவர் வந்தடைந்த முடிவு அவருடைய சொந்த முடிவே; அதனை யாருடைய கணக்கிலும் சேர்த்தற்கில்லை.

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ கிறித்தவராகவே வாழ்ந்து 1895-ஆம் ஆண்டிற் காலமானார். செமினரி மாணாக்கராயிருந்த என்றி மாட்டின், சேத் பேசன் என்னும் இருவர் 1841-ஆம் ஆண்டில் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையை நெடுங்காலம் நடத்தியவர் அவர். 1886-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம், சைவ வைணவ சமண கிறித்தவப் புலவரென்ற பேதமின்றி நானூற்றுக்கு மேற்பட்டோரின் வரலாற்றை ஒருங்கே தொகுத்தது. வைமன் கதிரைவேற்பிள்ளை நீதித்துறையிலே பதவி வகித்தவர். அவர் தொகுத்த பேரகராதி அவர் மறைவின் பின் மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரால் 1910-ஆம் ஆண்டு முதல் மூன்று பகுதிகளாக வெளியிடப்பட்டது. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த வின்ஸ்லோ அகராதிக்கும் செமினரியிற் கற்றோரின் உழைப்பு உரமாயிற்று. அகராதி, பதிப்பு, பத்திரிகை, புலவர் சரித்திரம், கணிதநூல், தருக்கநூல் என இவர்கள் விட்டுச் சென்றவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வளர்ச்சியின் ஒரு பெரும்பகுதி வட்டுக்கோட்டை மண்டபத்திலே கருவுற்றது என்பது விளங்கும். மிஷன் கணக்கில் இவற்றுக்கு இடமிருக்கவில்லை.

ஆசிரியரும் இவ்வாறே வேறிடஞ் சென்று வேர்கொண்டனர். 1848 முதல் 1854 வரை வட்டுக்கோட்டையிற் பணியாற்றி, அதிபருமாயிருந்த சைரஸ் மில்ஸ், உடல்நலங் குன்றி மனைவியோடு அமெரிக்கா மீண்டார். 1865-ஆம் ஆண்டில் அவ்விருவரும் கலிபோர்னியாவில் ஒரு மகளிர் கல்விச்சாலையை விலைக்கு வாங்கி, 1871-ஆம் ஆண்டில் ஓக்லாந்துக்கு மாற்றினர். அதுவே மில்ஸ் கல்லூரி. 2022-ஆம் ஆண்டில் அது நோர்த்ஈஸ்டன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. கலிபோர்னிய மகளிர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் வலிகாமத்து வயல்வெளியிலிருந்து தொடங்க வேண்டியவராவர்.

யாழ்ப்பாணத்தில் செமினரியின் இழப்பை முதலில் உணர்ந்தோர் அதன் பழைய மாணாக்கரே. மூடப்பட்ட சின்னாளில் அவருட் சிலர் வட்டுக்கோட்டையில் தாமே ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையை நடத்தினர். மிஷன் சம்பளம் கொடாதபோதும், உத்தியோகத்தில் ஈட்டிய பொருளும் பெற்ற செல்வாக்கும் அதற்கு உதவின. 1867-ஆம் ஆண்டளவில், உயர்தரக் கல்லூரி ஒன்று வேண்டுமென்று அவர்கள் முனைந்து கேட்கலாயினர். இந்நாட்டிலும் அமெரிக்காவிலும் பொருள் திரட்டப்பட்டு, 1872-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி என்னும் பெயரால் பழைய இடத்திலேயே கற்பித்தல் மீண்டும் தொடங்கிற்று. முதல் அதிபர் ஈ. பி. ஏஸ்ரிங்ஸ். 1823-ஆம் ஆண்டில் வாய்க்காத கல்லூரி என்னும் பெயர் நாற்பத்தொன்பது ஆண்டின் பின் வாய்த்தது. அதனை வேண்டிப் பெற்றோர் நிறுவினோரின் வழித்தோன்றலல்லர், கற்றுச் சென்றோர்.

அதே 1872-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். 1848-ஆம் ஆண்டிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைக் கண்ட அவர், தமிழ்க் கல்வி மட்டும் போதாது என்பதையும் ஆங்கிலத்தின் பொருட்டே சைவப் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளை நாடுகின்றனர் என்பதையும் நன்கறிவார். ஆயினும் பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளுக்குள் அது நின்றுபோயிற்று. 1879-ஆம் ஆண்டில் நாவலரும் மறைந்தார். சைவர்க்கு வேண்டியிருந்தது பணம் மட்டுமன்று. ஆங்கிலக் கல்விச்சாலையை உள்ளிருந்து அறிந்து நடத்தத்தக்க ஒருவரும் வேண்டியிருந்தது.

அவ்வாறு அறிந்தோருள் ஒருவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. 1820-ஆம் ஆண்டிற் பிறந்து, செமினரியிலே கற்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். நியாய இலக்கணம் என்னும் தருக்கநூலை 1850-ஆம் ஆண்டிற் தமிழில் வெளியிட்டவர். செமினரி மூடப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. முதுமையில், 1880-களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணப் பட்டினத்திலே அவர் ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையை நிறுவினார். அமெரிக்க உபகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய முதியவர், மிஷனின் உதவியின்றி நிறுவிய பாடசாலை அது. 1889-ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1888-ஆம் ஆண்டில் தோன்றியிருந்த சைவபரிபாலன சபையின் பொறுப்பில், வண்ணார்பண்ணைக்கு மாற்றப்பட்ட அப்பாடசாலை 1890-ஆம் ஆண்டில் இந்து உயர்தரப் பாடசாலையாயிற்று. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. 1892-ஆம் ஆண்டில் அதன் அதிபர் பதவியை ஏற்றவர் நெவின்ஸ் செல்வதுரை. வட்டுக்கோட்டையிலே தந்தைக்கு இடப்பட்ட அமெரிக்கப் பெயரோடுதான் மகன் சைவக் கல்லூரியின் தலைமை ஆசனத்தில் அமர்ந்தார். 1909 வரையும், பின்னர் 1914 முதல் 1926 வரையும் அவ்வாசனம் அவரதாயிருந்தது.